பத்து லட்சத்து எம்.எஸ்ஸி.யா, பஸ்ஸில் போய்வரும் பி.எஸ்ஸி.யா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பெண்கள் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவள். பிளஸ் டூவில் பயாலஜி-மேத்ஸ் குரூப் எடுத்து 600-க்கு 548 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வேதியியலில் 97. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரி. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஐயாயிரத்துக்குள் முடியும். இரண்டு, பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரி. உதவி பெறும் பிரிவில் இடம் இல்லை, சுயநிதிப் பிரிவில் தருகிறார்கள். கட்டணம் 32,000, ஹாஸ்டல் 55,000. மூன்று, கோவையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. வருடக் கட்டணம் 1,10,000, ஹாஸ்டல் 95,000. கையில் மூன்று லட்சம் இருக்கிறது. மீதிக்கு ஏழு லட்சம் வரை பத்தரை சதவீத வட்டியில் கடன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். 'காசு செலவழித்தால்தான் நல்ல வேலை' என்கிறார் என் தம்பி. 'இன்ஜினீயரிங்கில் போடு' என்கிறார் கணவரின் அண்ணன். எதைச் செய்வது?
– சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொல்வது வேறு சில படிப்புகளுக்குப் பொருந்தலாம். வேதியியலுக்குப் பொருந்தாது. இந்தத் துறையில் நம் நாட்டின் மிக நல்ல இடங்கள்தான் மிக மலிவானவை. ஐ.ஐ.டி., ஐசர் எனப்படும் மத்திய அறிவியல் கல்வி-ஆராய்ச்சி நிறுவனங்கள், மத்தியப் பல்கலைக்கழகங்கள், கிண்டி வளாகத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைகள், மதுரை காமராசர், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களின் வேதியியல் பள்ளிகள் என்று எதை எடுத்தாலும், உங்களுக்குக் கோவையிலிருந்து வந்த கட்டணத்தின் பக்கத்தில் வராது. ஆராய்ச்சிக்குப் போனால் பணம் கட்டுவதற்குப் பதில் உதவித்தொகை வாங்கலாம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுபவருக்கு 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், அதற்குப் பின் 42,000 ரூபாயும் தருகிறார்கள். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். இந்த வாசல்கள் எல்லாம் நுழைவுத் தேர்வால் திறப்பவை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு என்பதை அல்ல. மூன்று வருடம் கழித்து அந்தத் தேர்வுகளில் உட்காரும் தெம்பையும், ஆய்வகத்தில் கூசாமல் வேலை செய்யும் கையையும் எந்த இடம் தரும் என்பதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கோவையில் வருடம் 2,05,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 10,25,000. இது இன்றைய கட்டணத்தில். தனியாரில் கட்டணம் வருடா வருடம் ஏறலாம் என்பதால் ஐந்து வருடத்துக்கும் என்னென்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்காமல் இந்தத் தொகையை நம்பாதீர்கள். கடன் ஏழு லட்சத்தை வருடத்துக்கு 1,40,000 என்று பிரித்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும், முடித்த பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு ஆறு வருட வட்டி, கடைசியில் வாங்கியதற்கு இரண்டு வருட வட்டி என்று கூட்டினால், தனி வட்டியிலேயே 2,94,000 சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 9,94,000. அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் பதினாறு லட்சம். மருந்துக் கம்பெனி, பெயின்ட் கம்பெனி, சாயக் கழிவுநீர் ஆலை லேப் போன்ற இடங்களில் புதிதாக எம்.எஸ்ஸி. முடித்து டிரெயினியாகச் சேர்பவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள்தான் தொடங்குகிறது. அதில் வாடகையும் சாப்பாடும் போக 13,400 எங்கிருந்து வரும்?

நாலு லட்சத்துக்கு மேல் போனால் வங்கி மூன்றாம் நபர் ஜாமீனோ, அரசின் கடன் உத்தரவாத நிதியின் காப்போ கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பத்து லட்சம் வரையுள்ள கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் திட்டத்தின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இருந்தாலும் விண்ணப்பித்த எல்லாருக்கும் மானியம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 3 சதவீதம் குறைவதால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடவும் போவதில்லை.

பாளையங்கோட்டை: 87,000 வீதம் மூன்று வருடத்துக்கு 2,61,000. கையில் உள்ள பணம் பெரும்பாலும் கரைந்துவிடும். எம்.எஸ்ஸி.க்கு 39,000 ரூபாய்தான் மிஞ்சும்.

அரசு கல்லூரி: மூன்று வருடத்துக்கு 15,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். மூன்று வருடத்தில் 36,000. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்த வழித்தடத்தில் புறநகர்ப் பேருந்துதான் ஓடுகிறது என்றால் மாணவர் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். ஆக, செலவுபோக இருபதாயிரம் மிச்சம். (பாளையங்கோட்டைக்கோ கோவைக்கோ போனாலும் புதுமைப்பெண் பணத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் அங்கே அது ஒரு மாத ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே காணாது.)

இதனால் அரசு கல்லூரிதான் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். மலிவாகக் கிடைத்த பி.எஸ்ஸி.யில் ஆய்வகம் செத்துக் கிடந்தால் அந்த 15,000 ரூபாயும் வீண்தான். நேரில் போய்ப் பாருங்கள். இப்போது விடுமுறை, பிராக்டிகல் நடக்காது. ஆனாலும் துறைத் தலைவரைப் பார்த்து, 'பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறோம், லேப்பைக் காட்டுங்கள்' என்று கேட்டால் திறந்து காட்டுவார்கள். மூன்று இடத்துக்கும் இதைச் செய்யுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள்.

டைட்ரேஷன் என்பது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் காண்பது; அதற்கான அளவுக் குழாய்தான் பியூரெட். டைட்ரேஷன் மேசையில் எத்தனை பியூரெட் ஸ்டாண்டு இருக்கிறது, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாற்பது பேருக்கு இருபது பியூரெட் என்றால் ஒருவர் திறப்பார், இன்னொருவர் எழுதுவார். மூன்று வருடமும் எழுதிக்கொண்டே போகும் பிள்ளைகள் உண்டு, பெரும்பாலும் கூச்ச சுபாவமுள்ளவர்கள். அடுத்து, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். டைட்டர் அளவு (பியூரெட்டிலிருந்து செலவான கரைசல் எத்தனை மில்லி என்பது) எல்லாப் பக்கத்திலும் 18.6, 18.6, 18.6 என்று மூன்று முறையும் அச்சடித்தது போல இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை, விடையை எழுதுகிறார்கள் என்று பொருள். உண்மையாகச் செய்தால் முதல் அளவு கொஞ்சம் தள்ளி நிற்கும், அடுத்த இரண்டும் 0.1 மில்லிக்குள் ஒட்டி வரும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் கொண்டு டைட்ரேஷன் செய்வது முதல் வருடத்திலேயே வரும். குடுவையில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60–70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு நிறம் சட்டென்று மறையாது, நின்று யோசிக்கும். பயந்துபோய் அதுதான் முடிவுப்புள்ளி என்று நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. பொறுமையில்லாமல் பியூரெட்டை முழுசாகத் திறந்துவிட்டால் குடுவை பழுப்பாகக் கலங்கிவிடும். அது மாங்கனீசு டை ஆக்சைடு, அத்தோடு அந்தச் சோதனை போயிற்று. கொஞ்சம் மாங்கனீசு அயனி உருவான பிறகு அதுவே வினையை வேகப்படுத்தும், அப்புறம் சொட்டுகள் விழுந்த மாத்திரத்தில் நிறம் போகும். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதைந்து அளவு குறைந்து வரும். கரைசல் அடர் ஊதா என்பதால் பியூரெட்டில் வளைவின் அடிப்பகுதி தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். இவ்வளவும் தன் கையால் நாலு தடவை கெடுத்து, ஐந்தாவது தடவை சரியாக வந்தால்தான் பதியும். இன்டர்வியூவில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, 'நிறம் முதலில் ஏன் மறையத் தாமதமாகிறது?' என்று கேட்டால் பதில் சொல்லும் பிள்ளைக்கும் விழிக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் கல்லூரிக் கட்டணத்தால் வருவதில்லை.

காய்ச்சி வடித்த நீர் தயாரிக்கும் கருவி ஓடுகிறதா என்று பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். குழாய்த் தண்ணீரில் கரைசல் தயாரிக்கும் லேப்பில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் எல்லாருடைய சோதனைக் குழாயிலும் வெள்ளை வீழ்படிவு வரும். உப்புப் பகுப்பாய்வில் வகுப்பு முழுவதுக்கும், தண்ணீரில் இருந்த குளோரைடே விடையாக வரும்! ஹைட்ரஜன் சல்பைடு எடுக்கும் மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேனோ புகைக் கூண்டோ வேலை செய்ய வேண்டும். நாலு தசம இலக்கம் காட்டும் மின்னணுத் தராசு குறைந்தது ஒன்று ஓட வேண்டும். பி.எச். மீட்டர், கண்டக்டிவிட்டி மீட்டர், பொட்டன்ஷியோமீட்டர் மேசையில் இருக்க வேண்டும், பீரோவுக்குள் அல்ல.

இனி பெரிய கருவிகள். தனியாரில் உங்களைக் கூட்டிப்போய் முதலில் காட்டுவது ஏ.சி. போட்ட மத்தியக் கருவி மையமாகத்தான் இருக்கும். எஃப்.டி.ஐ.ஆர்., யு.வி., ஹெச்.பி.எல்.சி. என்று சாம்பிளைப் பகுத்தாயும் கருவிகள் வரிசையாக இருக்கும். அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. 'இளநிலைப் பிள்ளைகள் தங்கள் சாம்பிளைத் தாங்களே ஓட்டுவார்களா?' 'லாக் புக்கைப் பார்க்கலாமா?' ஒவ்வொரு கருவி பக்கத்திலும் யார், எந்தத் தேதியில், என்ன ஓட்டினார் என்று எழுதும் நோட்டு இருக்கும். அதில் ஆராய்ச்சி மாணவர் பெயர்கள் மட்டுமே இருந்தால், உங்கள் மகள் ஐந்து வருடமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அந்தக் கட்டணம். மானியத்தில் கருவி வாங்கிவிட்டு, பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணமில்லாமல் உறை போட்டு மூடி வைத்திருக்கும் அரசு, உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. அங்கே கடைசிப் பதிவின் தேதி உண்மையைச் சொல்லிவிடும். கல்லூரிகளுக்கான தரமதிப்பீடான நாக் கிரேடும், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் முழு நிறுவனத்துக்குக் கொடுப்பது. வேதியியல் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர்கள் என்பதை அது சொல்லாது. அதையும் துறையிலேயே கேளுங்கள்.

கோவைப் படிப்பில் கட்டணத்தைவிட எனக்குப் பயமான ஒன்று இருக்கிறது. 'ஒருங்கிணைந்த' என்பதில் மூன்று வருடத்தில் வெளியேற வழி உண்டா, வெளியேறினால் 'பி.எஸ்ஸி. வேதியியல்' என்ற பட்டம் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்றால், ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கான ஜாம் தேர்வு எழுதிப் போகும் வாசல் அடைபடும். வீட்டில் பண நெருக்கடி வந்தாலும் நடுவில் இறங்க முடியாது. ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பே மோசம் என்பதல்ல. ஐசர்களின் பி.எஸ்.-எம்.எஸ்., நெஸ்ட் தேர்வு வழியாகச் சேரும் புவனேஸ்வர் நைசர் எல்லாம் அதே வகைதான், முதல் தரமானவை. அவற்றுக்குப் பிளஸ் டூவோடு தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், ஐசருக்கு ஐ.ஏ.டி. உங்கள் கடிதத்தில் அந்தத் தேர்வுகள் பற்றிப் பேச்சே இல்லாததால் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வருத்தப்பட வேண்டாம், ஜாம் இரண்டாவது வாசல். மாநில வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடம் 80,000 உண்டு. 548 அதற்கு எட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்வுத் துறை அறிவிக்கும் கட்-ஆஃபைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்திருப்பார்கள். கம்பெனிகளுக்கு அது பொருட்டில்லை. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்), டி.என்.பி.எஸ்.சி. என்று வரும்போது, அறிவிப்பில் 'வேதியியல்' என்று இருந்து சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். அரசாணை எண்ணைக் கல்லூரி இப்போதே சொல்ல முடியவில்லை என்றால் ஏழு வருடம் கழித்து நீங்கள் அலைவீர்கள். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், அதோடு பி.எட். வேண்டும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, இடம் கிடைத்ததே என்று எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்குப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதேபோல் துணைப்பாடம், நாம் அல்லைடு என்போமே, அது. சில கல்லூரிகளில் வேதியியலுக்கு இயற்பியலோடு கணிதம் அல்லது விலங்கியல் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகள் மதிப்பெண் வரும் என்று விலங்கியல் பக்கம் சாய்வார்கள். மகள் கணிதமே எடுக்கட்டும். ஜாம் தாளில் வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் கணிதம் இல்லாமல் நகராது. எம்.எஸ்ஸி.க்குக் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை நிலையங்கள் பி.எஸ்ஸி. வேதியியல் 60 சதவீதத்தோடு முடித்தவர்களை உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாக எடுக்கும்போது துணைப்பாடம் என்ன என்றும் பார்ப்பார்கள்.

அடுத்தது பயிற்றுமொழி. அரசு கல்லூரிகளில் பி.எஸ்ஸி. வேதியியல் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் இருக்கக்கூடும். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்தால் மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு கிடைக்கும். ஆங்கிலவழிக்கு மாறிய அன்றே பட்டப்படிப்பு நிலைப் பணிகளுக்கு அது போய்விடும். மறுபக்கம், ஜாம் தாள் ஆங்கிலத்தில்தான். ஆசிரியர் பணியோ குரூப் தேர்வோதான் குறி என்றால் தமிழ்வழியே லாபம். ஆராய்ச்சி, கம்பெனி என்றால் ஆங்கிலவழி. மகளின் மனது இரண்டாவது பக்கம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. இருந்தாலும் இதை அவரே முடிவு செய்யட்டும், சேரும் நாளில் கவுன்ட்டரில் நின்று முடிவு செய்யக் கூடாது.

இன்ஜினீயரிங் பற்றி அண்ணன் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. அதில் கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் கிடைத்தால் காசுக் கணக்கில் அதை எதுவும் வெல்லாது. ஆனால் அது வேதியியலின் பெரிய அண்ணன் அல்ல, வேறு படிப்பு. குழாயில் திரவம் ஓடுவது, வெப்பம் கடத்துவது, காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் போடுவது என்றுதான் நாலு வருடமும் போகும். உப்பைக் கரைத்து நிறம் பார்ப்பது பிடித்த பிள்ளைக்கு அது கசக்கலாம். கணிதத்தில் என்ன மதிப்பெண் என்று நீங்கள் எழுதவில்லை. 90-க்கு மேல் என்றால் பொறியியல் கலந்தாய்வுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதில் தவறில்லை. தெரிவுப் பட்டியலில் கெமிக்கல் மட்டும் கொடுக்கட்டும்.

என் யோசனை இது. அரசு கல்லூரி லேப் மேலே சொன்ன சோதனையில் பாஸ் ஆனால் அங்கே சேருங்கள். ஆகவில்லை, பாளையங்கோட்டை லேப் தெளிவாக மேல் என்றால் அங்கே. உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே லேப்பைப் பயன்படுத்துகின்றனவா, அதே ஆசிரியர்கள் வருகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கல்லூரியின் பெயரை வைத்துக்கொண்டு, சுயநிதிப் பிரிவை மாலை ஷிப்டில் வருடத்துக்கொரு புது ஆசிரியரோடு ஓட்டுவதும் நடக்கிறது. உதவி பெறும் பிரிவில் சேர்ந்த பிள்ளைகள் ஜூன், ஜூலையில் பொறியியலுக்கும் நர்ஸிங்குக்கும் போவார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். கோவை மட்டும் வேண்டாம். அவர்கள் பாதிக்கு மேல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அந்தத் தள்ளுபடி ஐந்து வருடமும் தொடரும் என்று எழுதிக் கொடுத்தால் பிறகு பேசலாம். முதல் வருடம் மட்டும் தள்ளுபடி தந்து, இரண்டாம் வருடம் இத்தனை சி.ஜி.பி.ஏ. இருந்தால்தான் தொடரும் என்பது வழக்கமான நிபந்தனை.

மூன்று லட்சத்தை வைப்பில் போடுங்கள். அதிலிருந்து மூன்று வருடத்தில் எடுக்க வேண்டிய செலவு கொஞ்சம்தான். இரண்டாம் ஆண்டு கோடையில் போவதற்கு, அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் ஒரு நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம், அவர்களே பணமும் தருவார்கள். கிடைக்காவிட்டால் காரைக்குடி சிக்ரி, அடையாறு சி.எல்.ஆர்.ஐ. போன்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களிலோ பல்கலைக்கழகத் துறையிலோ பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். அப்போது தங்கவும் சாப்பிடவும் உங்கள் பணம் வேண்டும். ஒரு லேப்டாப்பும் வாங்க வேண்டியிருக்கும். ஜாம் கோச்சிங்குக்கு ஆன்லைனில் கேட்கும் தொகையை முதல் வருடமே கட்ட வேண்டாம். முதல் வருடம் கல்லூரிப் பாடத்தையும் அல்லைடு கணிதத்தையும் அரியர் இல்லாமல் முடிப்பதுதான் வேலை. பிரச்சினை தொடங்குவதே ஒரு அல்லைடு அரியரில்தான். அது ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் வரை இழுத்துக்கொண்டு வந்து, ஜாமில் நல்ல ரேங்க் வந்தும் பட்டச் சான்று கொடுக்க முடியாமல் இடம் போவது உண்டு.

ஜாம் விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு செப்டம்பர்–அக்டோபர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்குச் சலுகைக் கட்டணம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகள் ஒரே விடை வகை, 50 மதிப்பெண், தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். அடுத்த பத்து, ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ளவை. கடைசி இருபது, எண்ணை நாமே கணக்கிட்டு எழுதுபவை, 30 மதிப்பெண். பின்னிரண்டு பகுதிகளிலும் மைனஸ் கிடையாது. நம் கல்லூரிப் பிள்ளைகள் தடுமாறுவது அந்தக் கடைசிப் பகுதியில். பல்கலைக்கழகத் தேர்வில் 'வரையறு, விவரி' என்றே எழுதிப் பழகியதால், கிப்ஸ் ஆற்றல் சமன்பாட்டை ஒப்பிப்பார்கள், எண்ணைப் போட்டு விடை கேட்டால் ஜூலுக்கும் கிலோஜூலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து தினம் ஐந்து கணக்கு, பழைய கேள்வித்தாளிலிருந்து, கையால் போட்டுப் பழகினால் பாதி வேலை முடிந்தது. பழைய தாள்கள் தேர்வு இணையதளத்திலேயே இலவசம். ஜாம் ரேங்கை வைத்து ஐ.ஐ.எஸ்ஸி., சில ஐசர்களின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் கூப்பிடுவார்கள், அங்கே உதவித்தொகை உண்டு. ரேங்க் வரவில்லை என்றால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் முதுநிலைத் தேர்வு, நம் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு அவரவர் அறிவிப்பு. எங்கே கிடைத்தாலும் கோவையின் கடைசி இரண்டு வருடக் கணக்கான 4,10,000 ஆகாது, உங்கள் மூன்று லட்சத்துக்குள் அடங்கும்.

உடனே செய்ய வேண்டியவை. கலைக் கல்லூரி விண்ணப்பத்தை டி.என்.காசா இணையதளத்தில் கடைசி நாளுக்கு முன் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு கல்லூரியை மட்டும் குறிக்காமல் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் போய்வரக்கூடிய எல்லா அரசு கல்லூரியையும் சேருங்கள். கோவைக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் யு.ஜி.சி. விதிப்படி திரும்பக் கேட்கலாம். 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத்தொகை, அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும், கடைசித் தேதி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகச் சுற்றறிக்கை விடுவதும் உண்டு, இந்த வருடத்துக்கானதைப் பாருங்கள். விலகும் கடிதத்தை மின்னஞ்சலில், தேதி தெரிய அனுப்புங்கள். அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும்.

புதுமைப்பெண் விண்ணப்பம் சேர்ந்த கல்லூரி வழியாகத்தான் போகும். அதற்கு மகளின் எமிஸ் எண்ணை (பள்ளி மாணவர் பதிவு எண்) பள்ளியில் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியலும் ஆதாரில் வேறு இனிஷியலும் இருந்தால் பணம் அங்கேயே தொங்கிவிடும். கல்லூரி திறக்கும் முன் இ-சேவை மையத்தில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.